கடைசியாக ஒரே ஒரு திருத்தம்

திருத்தாமல் இருக்கத் தெரியாதவர்கள் என்று ஓர் இனம் உண்டு. வாரமெல்லாம் ஒழுங்காக ஒரு வேலை பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் கார் ஷெட்டுக்குள் புகுந்து எதையாவது செய்வார்கள். செய்தது நன்றாகவே வேலை செய்யும். அதுதான் அவர்களுக்குப் பொறுக்காது.

நமது பல் டாக்டரைப் பாருங்கள். வலது கை விளங்காத அக்காவுக்காக, ஒற்றைக் கையால் பாட்டில் மூடி திறக்கும் கருவி ஒன்றைச் செய்தார். சமையலறைச் சாமான் கம்பெனி ஒன்று கேள்விப்பட்டு, சேர்ந்து தயாரிக்கலாம் என்று ஒரு இன்ஜினியர் பெண்ணை அனுப்பியது. அவள் தனியாக எடுத்து நடத்தும் முதல் வேலை. அளவெடுத்து, வரைபடம் போட்டு, மறுவாரம் சரிபார்க்க வந்தால் கைப்பிடி வளைந்திருக்கும். மறுபடி வரைந்துகொண்டு வந்தால் ஸ்பிரிங் இருந்த இடத்தில் ரப்பர் இருக்கும்.

"டாக்டர், போன வாரமே நல்லாத்தானே இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு மேடம். இது இன்னும் நல்லாருக்கும்."

அவள் மறுபடியும் அளவு டேப்பை எடுத்தாள்.

கடைசியில் கம்பெனி முதலாளி கெடு வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை அவர் முன்னால் மூடி திறந்தால் தயாரிப்புக்கான அச்சு வார்க்க உத்தரவு. இல்லாவிட்டால் திட்டத்தையே கைகழுவிவிடுவார்கள். "இனிமே தொடாதீங்க டாக்டர்," என்று கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டாள். அவரும் தலையாட்டினார். வெள்ளிக்கிழமை அவரையும் அக்காவையும் வரவேற்பறையில் பத்து நிமிடம் உட்காரவைத்தார்கள். சட்டைப்பையில் அரம் வைத்திருக்கும் மனிதரைச் சும்மா உட்காரவைக்கலாமா? மூடியைப் பிடிக்கும் பற்கள் கொஞ்சம் கரடுமுரடாக இருப்பதுபோல அவருக்குத் தோன்றியது. ராவிவிட்டார்.

முதலாளி கருவியை மூடியில் வைத்துத் திருகினார். வழுக்கியது. அழுத்தித் திருகினார். நன்றாக வழுக்கியது. ஐந்து மாத அலைச்சலும் போயிற்றே என்று அந்தப் பெண்ணுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அக்கா கைப்பையிலிருந்து கோணல்மாணலான ஒரு சாமானை எடுத்தார். பாட்டிலை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, இடது கையால் ஒரே திருகில் திறந்து, தண்ணீர் குடித்தார். தம்பி முதன்முதலில் செய்த கருவி அது.

"இதையே செஞ்சிடலாமே," என்றார் முதலாளி.

"சார், அதுல ஏகப்பட்ட குறை இருக்கு," என்று டாக்டர் கையை நீட்டினார்.

அக்கா அதை இன்ஜினியர் பெண்ணின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். "இவன்கிட்ட மட்டும் குடுத்துடாதம்மா. மூணு வருஷமா ஒளிச்சு வச்சிருந்தேன்."

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். அது இருக்கட்டும், இரண்டு நிமிடம் பிந்தி ஓடுகிறது என்று போன மாதம் நீங்கள் கழற்றினீர்களே சுவர்க் கடிகாரம், அது இப்போது எங்கே?