ஸ்டுடியோ கோட்டு

முதலில் மூக்கு போயிற்று. பதறிப்போய் இன்னொரு தரம் துடைத்ததில் கண் இரண்டும் போயின. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சிவதாணுவுக்குப் பிறந்ததிலிருந்தே கை சும்மா இருக்காது.

பல்கலைக்கழக நூலகத்தின் ஆவணக் காப்பகத்தில் ஈரத் துவர்த்துத் துண்டும் கையுமாக அவர் நின்றார். மேஜைமேல் ஒரு பழைய போட்டோ. தலைப்பாகை இருந்தது, கோட்டு இருந்தது, வெள்ளிப்பூண் போட்ட கைத்தடி இருந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் வெள்ளை வெளேரென்று ஒரு ஆப்பம்.

"பூசணம்னுல்லா துடைச்சேன் ரெஜிஷா!"

"பூசணத்துக்கு அடியிலதான் ஆளு இருந்திருக்காரு சார்," என்றாள் கம்ப்யூட்டர் பார்க்கும் ரெஜிஷா.

ஆளும் லேசுப்பட்ட ஆள் இல்லை. குலசேகரம் ரப்பர் எஸ்டேட் முதலாளி மாதேவனின் தாத்தா, அணஞ்சபெருமாள். ஒருவனுக்கு ஒருத்திதான் என்று 'ஏகதார மகிமை'யைக் கட்டுக்கட்டாகக் கையால் எழுதி வைத்துவிட்டுப் போன மகான். அந்தக் கட்டுகளும் இந்தப் போட்டோவும் எஸ்டேட் பங்களா மச்சில் ஒரு தகரப்பெட்டியில் கிடந்தன. மாதேவன் பெட்டியைத் திறந்து பார்க்காமலே நூலகத்துக்குக் கொடுத்தார். நூலகமும் திறந்து பார்க்காமலே பொன்னாடை போர்த்தி வாங்கிக்கொண்டது. ஸ்கேன் எடுத்து வைத்திருக்கலாமே என்றால், மிஷின் வந்த அட்டைப்பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. திறந்துவைக்க அமைச்சரின் தேதி கிடைக்கவில்லை.

தாத்தா பெயரில் புதுக் கட்டடமே கட்டித் தருவதாக மாதேவன் சொல்லியிருந்தார். கட்டடம் வந்தால் அதற்கு நிரந்தரக் காப்பாளர் ஒருவர் வேண்டும். "அது உமக்குத்தான்வே," என்று துணை நூலகர் ஆன்ட்ரூஸ் வாக்குக் கொடுத்திருந்தார். சிவதாணு தற்காலிகமாகச் சேர்ந்தபோது மீசை கறுப்பு. இப்போது மீசை வெளுத்துவிட்டது, வேலை மட்டும் தற்காலிகமாகவே இருந்தது. வெள்ளிக்கிழமை கண்காட்சி. அதில் நடுநாயகமாகத் தொங்கவேண்டியது இந்த ஆப்பம்தான்.

"செல்போன்ல ஒரு ஆப் இருக்கு சார். போன முகத்தையும் திருப்பிக் கொண்டாந்துரும்," என்றாள் ரெஜிஷா.

கொண்டுவந்தது. தாத்தா அத்தனை பல்லும் தெரியச் சிரித்தார். புருவம் திருத்தியிருந்தது. காதில் புளூடூத் வேறு.

"ஏட்டி, இது துபாயில இருந்து பொண்ணு பாக்க வந்த மாப்பிளைல்லா! அழி, அழி!"

அன்றைக்கு வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே தலையை நிமிர்த்தியவர், அப்படியே இருந்துவிட்டார். சுவரில் மனைவி சண்முகவடிவின் தாத்தா. அதே தலைப்பாகை, அதே பூண் போட்ட தடி. கோட்டில் அதே இரண்டாவது பொத்தான்கூட இல்லை.

சிவதாணு எச்சில் கையோடு எழுந்து கிட்டே போய்ப் பார்த்தார். பிறகு ஆராய்ச்சி மூளை வேலை செய்தது. அந்தக் காலத்து நாகர்கோவில் ஸ்டுடியோக்காரனிடம் இருந்தது ஒரே கோட்டு. போட்டோ பிடிக்க வந்தவன் எல்லாம் அதை மாட்டி, அதே தடியைப் பிடித்து, அதே நாற்காலியில் உட்கார்ந்தான். காப்பகத்தில் பாதி ஜில்லா அந்த நாற்காலியில்தான் இருக்கிறது. இதைக் கண்டுபிடித்ததில் அவருக்கு உள்ளூரப் பெருமை.

"எங்க மலைக்காரத் தாத்தாவை அப்பிடி என்ன பாக்கிய?" என்றாள் சண்முகவடிவு. "பாத்தாவது படியுங்க. மலையில எம்புட்டு யாவாரம் இருந்தாலும் மாசம் தவறாம சுசீந்திரத்துக்கு வந்துருவாரு. ஆச்சிக்குப் பிச்சிப்பூ வாங்காம வாசப்படி ஏறமாட்டாரு. நீங்களும் இருக்கியளே!"

மலைக்காரத் தாத்தா என்பதுதான் அந்த வீட்டில் அவர் பெயர். வேறு பெயர் உண்டா என்று சிவதாணு கேட்டதே இல்லை. ஊரார் தாத்தாக்களுக்கெல்லாம் விலாசம் தேடுகிறவருக்குச் சொந்தச் சுவரைப் பார்க்க எங்கே நேரம்?

மறுநாள் அவள் கோயிலுக்குப் போன சமயம் பார்த்து, மலைக்காரத் தாத்தா சாக்குப்பையில் ஏறினார். "செல்லு அரிச்சிருக்கு, மருந்து போடக் கொண்டு போறேன்," என்று போனில் சொன்னார் சிவதாணு. நல்ல காரியம் என்றாள் அவள்.

அணஞ்சபெருமாள் என்று நீட்டிய படத்தைப் பார்த்த ஆன்ட்ரூஸ் துள்ளிக் குதித்தார். துள்ளியவர் சும்மா இருந்தாரா? அதைச் செல்போனில் பிடித்து, அழைப்பிதழில் போட்டு, வாட்ஸ்அப்பில் களியக்காவிளை வரைக்கும் அனுப்பிவிட்டார்.

சாயங்காலமே மாதேவன் போனில் அழுதார். "சிவதாணு சார், என்னத்த கம்பீரம்! எனக்க மூக்குல்லா அது! மெயின் கேட்டுல வெண்கலச் சிலையே வச்சிருவோம். கண்காட்சிக்கு எங்க அத்தையையும் கூட்டிட்டு வாறேன்."

"அத்தையா?"

"தாத்தாவுக்க கடைசி மக. அவரை நேர்ல பாத்ததுல இப்ப உயிரோட இருக்கது அவ ஒருத்திதான்."

 சிவதாணு படத்தைக் கூரையைத் தொடும் உயரத்தில் மாட்டினார். அந்தப் பக்கத்து டியூப்லைட்டைக் கழற்றினார். அதுவும் போதாதென்று தோவாளைப் பூச்சந்தையிலிருந்து ஆள் உயரத்துக்கு ஒரு மாலை வாங்கி, தாத்தாவின் முகம் மூடப் போட்டார்.

வெள்ளிக்கிழமை மாதேவன் வந்ததும் முதல் வேலையாக மாலையை எடுக்கச் சொன்னார். ஆன்ட்ரூஸ் படத்தைத் தாழ இறக்கி, கல்யாண வீட்டு வீடியோக்காரனின் லைட்டை நேரே அதன்மேல் அடிக்கவிட்டார். மேற்கொண்டு செய்வதற்கு சிவதாணுவிடம் தாணுமாலயனை வேண்டுவதைத் தவிர ஒன்றும் பாக்கி இல்லை.

"எங்க தாத்தா," என்று மைக்கைப் பிடித்தார் மாதேவன், "எங்க பாட்டியைத் தவிர வேற ஒரு பொம்பளைக்க நிழலைக்கூட மிதிச்சதில்ல! மாசாமாசம் எஸ்டேட்டை விட்டுட்டுக் கீழ இறங்கி, விரதம் இருந்துட்டுத்தான் திரும்புவாரு!"

துணைவேந்தர் கைதட்டினார். அதைப் பார்த்து எல்லாரும் கைதட்டினார்கள்.

அத்தையைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கிழவி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தை நெடுநேரம் பார்த்தாள். சிவதாணுவின் சட்டை முதுகோடு ஒட்டியது.

"அப்பாதான்," என்றாள் அவள்.

சிவதாணுவுக்குப் போன உயிர் வந்தது. கண்புரையைப் படைத்த பகவானே, நீ நல்லா இருப்பா என்று மனசார வாழ்த்தினார். ஆன்ட்ரூஸ் அவர் முதுகில் தட்டி, "ஆர்டர் திங்கக்கிழமை வந்திரும்வே," என்றார்.

"எங்க தாத்தா இஞ்ச என்ன செய்யாரு?"

வாசலில் சண்முகவடிவு நின்றாள். ஒரு கையில் செல்போன், அதில் அழைப்பிதழ். மறு கையை இடுப்பில் ஊன்றியிருந்தாள்.

"வடிவு, வீட்டுல போயி பேசுவோம்..."

"செல்லு அரிச்சிருக்குன்னு சொல்லி எடுத்துட்டுப் போயி, ஊரான் தாத்தான்னு லைட்டு போட்டு வச்சிருக்கியளே, நல்லாருக்கா? பொறந்ததுல இருந்து பாக்குற முகம் எனக்குத் தெரியாதா?"

 ஆன்ட்ரூஸின் கை சிவதாணுவின் முதுகிலிருந்து பைய இறங்கியது.

"ஆருவே இவ?" என்று கத்தினார் மாதேவன். "எங்க தாத்தாவைச் சொந்தம் கொண்டாடுகா! அப்ப எங்க படம் எங்கவே? கட்டடமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது! போலீசைக் கூப்பிடும்!"

தீர்ந்தது. திங்கட்கிழமை ஆர்டர் வரும், ஆனால் வேறு ஆர்டர். இனி உண்மையைச் சொல்லிக் காலில் விழுவதுதான் வழி என்று சிவதாணு வாயைத் திறந்தார். "ஐயா, அது வந்து... அந்தக் காலத்துல ஸ்டுடியோவுல ஒரே கோட்டுதான்..."

கிழவி கையை உயர்த்தினாள். நாற்காலியைச் சண்முகவடிவின் பக்கம் திருப்பச் சொன்னாள். கண்ணாடியைத் தூக்கிவிட்டு, அவள் மூக்கையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏலே மாதேவா, கத்தாத. இவ நம்ம சுசீந்திரத்துச் சித்திக்க பேத்தி. அப்பா மாசாமாசம் விரதம் இருந்தது இவ வீட்டுலதான்."