மதாம் திபோவின் நீல நூல்

பாரிஸ் நடன அரங்கில் ஆடுகிற பெண்களைவிட, அவர்களுக்குத் துணைக்கு வருகிற அம்மாக்கள் மூன்று மடங்கு அதிகம். சரி, கொஞ்சம் ஏற்றித்தான் சொல்லிவிட்டேன். ஒரு பெண்ணுக்கு ஒரு அம்மாதான். அடைத்துக்கொள்ளும் இடம் மட்டும் மூன்று பேருடையது. இந்த அம்மாக்களுக்குள் ஒரு தனி இனம் உண்டு. ஓவியர்கள் தாளும் பென்சிலுமாக ஒத்திகைக் கூடத்துக்குள் நுழைய ஆரம்பித்த பிறகு முளைத்த இனம். பெயர், படத்து அம்மா.

எப்படி அடையாளம் காண்பது? மற்ற அம்மாக்கள் மகளின் ஆட்டத்தைப் பார்ப்பார்கள். இவள் ஓவியரின் பென்சிலைப் பார்ப்பாள். பென்சில் இடப்பக்கம் திரும்பினால் மகளுக்கு இடப்பக்கமாக ஒரு தள்ளு, வலப்பக்கம் திரும்பினால் வலப்பக்கமாக ஒரு தள்ளு. இந்தத் தள்ளலில் மகள் தடுமாறி விழுந்தாலும், "விழுந்ததுதான் விழுந்தே, முகத்தை இந்தப் பக்கம் வச்சு விழக் கூடாதாடி?" என்பாள். ஓவியர்களுக்கோ முகம் என்றாலே ஆகாது. முதுகு வேண்டும். கொட்டாவி வேண்டும். எவளாவது முதுகைச் சொறிந்துவிட்டால் போதும், பரவசப்பட்டுப் புதுத் தாள் எடுப்பார்கள். சொறியாமல் அடக்கமாக நிற்கிற பெண்ணைப் படத்தின் ஓரத்தில் பாதியாக வெட்டிவிடுவார்கள். "படத்தைச் சுத்திப் போடற சட்டத்துக்கு அவ்வளவு செலவு பண்றவர், ஆளை முழுசாப் போடக் கூடாதா?" என்று படத்து அம்மா கேட்பதில் நியாயம் இல்லையா?

மதாம் திபோ இந்த இனத்தின் மகாராணி. காலையில் துணி தேய்க்கும் கடை, மதியம் ஒத்திகைக் கூடத்து பெஞ்சு. மகள் யூலாலி கடைசி வரிசையில், ஒரு மரத்துக்குப் பின்னால் ஆடுகிறவள். அட்டை மரம்தான்; ஆனால் மறைக்கிற வேலையை ஒழுங்காகச் செய்யும். வசந்த காலத்துக்குள் மகளை முன்வரிசைக்குக் கொண்டுவர வேண்டும். அதுதான் மதாம் திபோவின் தவம். அந்தச் சமயம் பார்த்து, முசே காஸ்தெல் என்கிற தாடிக்கார ஓவியர் ஒத்திகையைப் பெரிய படமாகத் தீட்ட வந்து சேர்ந்தார். அதில் யூலாலி ஜொலித்தால், நடன ஆசிரியர் முசே பினோவின் கண்ணில் படாமலா போய்விடும்?

குளிர்காலம் முழுக்கப் பாடுபட்டாள். ஓவியருக்கு வெங்காய சூப் கொண்டுவந்தாள். கூட்டத்தில் மகள் தனியாகத் தெரியட்டும் என்று அவளுடைய பட்டு ஷூவின் நுனியை, ஊரே இளஞ்சிவப்பு நூலில் தைக்க, இவள் மட்டும் பளிச்சென்ற நீல நூலில் தைத்தாள். நடுவில் ஒரு ஷூ ஒரு வாரம் காணாமல் போய், குதிப்பக்கம் டாராகக் கிழிந்து திரும்பி வந்தது.

"எப்படிடி இப்படிக் கிழிஞ்சுது? உனக்குக் கால் வளருதா?"

யூலாலி ஊசியையும் நூலையும் எடுத்து நீட்டினாள்.

இத்தனை பாடுபட்ட பிறகு மதிய வேளையில் பெஞ்சில் கண் அசராதா? அசந்தது. கேட்டால், "கண்ணை மூடி யோசிக்கிறேன்" என்பாள்.

படம் கண்காட்சிக்கு வந்தது. மதாம் திபோ தொப்பியில் புது இறகு செருகி, தன் பரம வைரி மதாம் ருசெலையும் இழுத்துக்கொண்டு போனாள். முசே பினோ ஏற்கெனவே படத்தின் முன்னால் நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

படத்தின் நட்டநடுவில் பெஞ்சு. பெஞ்சின் மேல், சால்வை ஒருபுறம் செய்தித்தாள் ஒருபுறமாகச் சரிய, வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள் மதாம் திபோ. நடனக்காரிகள் எங்கோ பின்னால், கொசு அளவில்.

"அடேயப்பா! உங்க வாய்க்குள்ள சூப் சட்டியே இறங்கும்போலிருக்கே, மதாம்!" என்றாள் மதாம் ருசெல். "யூலாலியைக் காணோமே? அவளும் உள்ள போயிட்டாளோ?"

மதாம் திபோ படத்தை மூக்கால் உழுதாள். வலது ஓரத்தில், சட்டத்துக்குள் எட்டிப் பார்த்தபடி ஒரே ஒரு பாதம். ஷூவின் நுனியில் நீல நூல்!

"இதோ! இது என் தையல்! என் பொண்ணு கால்!"

முசே பினோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். சிரிப்பு நின்றது. "அட! இந்தப் படத்துலயே ஒழுங்கா நிக்கிறது இந்த ஒரு கால்தான். என்ன நளினம்! பெண்மைன்னா இதுதான். இவளையா மரத்துக்குப் பின்னாடி நிறுத்தி வச்சேன்?"

வசந்தத்தில் யூலாலி முன்வரிசைக்கு வந்தாள். நன்றாகவும் ஆடினாள், கைதட்டலும் வாங்கினாள். அந்த இடம் இனி அவளுடையதுதான். மதாம் திபோ அந்தப் படத்தின் அச்சுப் பிரதியைச் சுவரில் மாட்டி, தன் வாய் இருக்கிற பக்கம் முழுவதையும் திரைபோட்டு மறைத்து, பாதத்தை மட்டும் விருந்தாளிகளுக்குத் தரிசனம் காட்டுகிறாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நாற்பது பேர் நிற்கிற கல்யாணப் புகைப்படம் கைக்கு வந்ததும் உங்கள் கண் முதலில் யாரைத் தேடுகிறது? மாப்பிள்ளையையா? மற்ற முப்பத்தொன்பது பேரும் கண்ணை மூடியிருந்தாலும், நீங்கள் நன்றாக விழுந்திருந்தால் "படம் பிரமாதம்" என்கிறீர்களே, அப்போது தலையைத் தடவிப் பாருங்கள். தொப்பியில் ஓர் இறகு தட்டுப்படும்.

போன ஞாயிற்றுக்கிழமையும் தரிசனம் நடந்தது. மேஜையில் முசே பினோ, மதாம் ருசெல், ஆவி பறக்கிற சூப். "பிறவிக் கால்!" என்று மதாம் திபோ விரலை நீட்டினாள். "என் வயித்துல பொறந்த கால்!"

யூலாலி ரொட்டியை சூப்பில் தோய்த்தாள்.

"ஷூ என்னோடதுதாம்மா. கால்தான் முசே காஸ்தெலோடது. மாடல் வராத அன்னிக்கு என் ஷூவை இரவல் வாங்கிட்டுப் போய், கண்ணாடி முன்னாடி மாட்டிக்கிட்டு நின்னு, தன் காலையே பார்த்து வரைஞ்சாராம். குதி எப்படிக் கிழிஞ்சுதுன்னு கேட்டியே? நல்ல வேளை, தாடி சட்டத்துக்கு வெளியில போயிடுச்சு."