எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மஞ்சள்

விதியை மீறுகிறவர்களால் ஊருக்கு வரும் சேதத்துக்கு ஓர் அளவு உண்டு. விதியை நெட்டுருப் போட்டுக்கொண்டு அப்படியே நடக்கிறவர்களால் வருவதற்கு அளவே கிடையாது. நான் இரண்டாவது ரகம். பள்ளியில் "வரிசையாக நில்" என்றால், முன்னாலும் பின்னாலும் ஆளே இல்லாவிட்டாலும் வரிசையாக நிற்பேன். (எப்படி என்று கேட்காதீர்கள். நின்றேன்.)

இந்தக் குணத்தைப் பார்த்துத்தான் அந்த அறக்கட்டளை எனக்கு வேலை கொடுத்திருக்க வேண்டும். பி.எட். முடித்துவிட்டு ராஜபாளையத்தில் வீட்டுக்குப் பாரமாக உட்கார்ந்திருந்த காலம். சென்னையில் இருந்த அந்த அறக்கட்டளை எங்கள் பக்கத்தில் 'கல்விக் கூப்பன்' என்று ஒரு திட்டம் நடத்தியது. கஷ்டப்படுகிற குடும்பத்துப் பிள்ளைக்கு ஒரு கூப்பன். அதைப் பிடித்த தனியார் பள்ளியில் கொண்டுபோய் நீட்டினால் சேர்த்துக்கொள்வார்கள், ஃபீஸை அறக்கட்டளை கட்டிவிடும். கேட்டவர்கள் அதிகம், கூப்பன் குறைவு. ஆகவே குலுக்கல். சீட்டு விழுந்த பிள்ளை தனியார் பள்ளிக்குப் போகும், விழாத பிள்ளை அரசுப் பள்ளியிலேயே தொடரும். (கூப்பன் என்றதும் எங்கள் அம்மா, "எம்புட்டு சீனி குடுப்பாக?" என்றுதான் கேட்டாள்.)

பணம் போட்டவர்களுக்கு ஒரு சந்தேகம் வருமா வராதா? கூப்பன் வாங்கிப் போன பிள்ளை நிஜமாகவே கூடுதலாகப் படிக்கிறதா, இல்லை டை கட்டிக்கொண்டு அதே மாதிரிதான் படிக்கிறதா? இதைக் கண்டுபிடிக்க இரண்டு தரப்புப் பிள்ளைகளையும் ஒரே இடத்தில் உட்காரவைத்து, ஒரே கேள்வித்தாள் கொடுத்து, ஒரே தேர்வு. அதை நடத்துவது என் பொறுப்பு. ஒழுங்காக நடத்திக் காட்டினால் வேலை நிரந்தரம் என்று சென்னை அதிகாரி கார்த்திகேயன் சார் சொல்லியிருந்தார். சொதப்பினால் மாமாவின் பேண்டேஜ் துணி கம்பெனியில் கணக்கு எழுதப் போக வேண்டியதுதான். மாமா தங்கமான மனுஷர். ஆனால் காலையிலிருந்து சாயங்காலம் வரை தன் சர்க்கரை அளவைப் பற்றி மட்டுமே பேசுவார். அந்த நாற்காலியை நினைத்தாலே எனக்குச் சர்க்கரை ஏறியது. எப்படியாவது இந்த வேலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று வெறியே வந்துவிட்டது.

அந்த வெறியில் கையேட்டை விழுந்து விழுந்து படித்தேன். தேர்வு நடத்துவது எப்படி என்று சென்னையில் அச்சடித்துக் கொடுத்த தடித்த கையேடு. அதில் தடித்த எழுத்தில் ஒரு வரி: ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது எல்லாப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும். ஒருவனுக்குத் தண்ணீர் கொடுத்தால் எல்லாருக்கும் தண்ணீர். ஒருத்திக்குப் பேனா மாற்றிக் கொடுத்தால் எல்லாருக்கும் மாற்று. அப்போதுதான் மதிப்பெண்ணை ஒப்பிட முடியும் என்று விளக்கம் வேறு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்த வரியைச் சொல்வேன். (அண்ணன் ஒரு நாள் எழுப்பிக் கேட்டான். சொன்னேன்.)

எந்தப் பள்ளியில் வைத்தாலும் அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இடம் பழகியதாக இருக்கும், மற்றவர்களுக்குப் புதிதாக இருக்கும். அதனால் இரு தரப்புக்கும் புது இடமாக ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்தோம். இது என் யோசனை. சார் போனில் "வெரி குட் ஜெயந்தி" என்றார். முந்தின நாள் அங்கே ஒரு கல்யாணம் நடந்திருந்தது என்பதையும், வாசல் மேஜையில் மஞ்சள் குழைத்த கிண்ணமும் குங்குமச் சிமிழும் பன்னீர்ச் செம்பும் அப்படியே இருந்தன என்பதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

காலையில் பிள்ளைகள் வந்தார்கள். எல்லாம் அஞ்சாம் வகுப்பு. மணி அடிக்கும்வரை பெற்றோர் கூட இருக்கலாம் என்று கையேடு சொன்னதால் அவர்களும் உள்ளே வந்தார்கள். விடைத்தாளைக் கொடுத்தேன். வட்டத்தைக் கருப்பு மையால் நிரப்புகிற தாள். மெஷின் திருத்தும். தாளின் நாலு மூலையிலும் சின்னச் சின்னதாய்க் கருப்புக் கட்டம் இருந்தது.

திரும்பிப் பார்க்கிறேன், சுந்தரபாண்டியத்திலிருந்து வந்த முத்துலட்சுமி அக்கா வாசல் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மகனுடைய விடைத்தாளில் மஞ்சள் தடவிக்கொண்டிருக்கிறார். அவர் மகனுக்குக் கூப்பன் விழுந்திருந்தது.

"அக்கா, என்ன செய்யிறீக?"

"புதுத் தாள்ல டீச்சர்! மஞ்சள் வைக்காம எழுதலாமா? பாருங்க, வைக்கிறதுக்குன்னே நாலு மூலையிலயும் கட்டம் போட்டுக் குடுத்திருக்காக. மெட்ராஸ்காரக விவரமானவுக."

குனிந்து பார்த்தேன். கட்டம் இருந்தது. மஞ்சள் அதில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அந்தக் கட்டம் வேறு எதற்காக இருக்கும் என்று யோசித்தேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. (பயிற்சியில் இதைச் சொல்லியிருக்கிறார்கள். அந்த நேரம் நான் தடித்த எழுத்து வரியை நெட்டுருப் போட்டுக்கொண்டிருந்தேன்.) மஞ்சளுக்கு மேல் அக்கா குங்குமமும் வைத்துவிட்டார்.

எதிர்வரிசையிலிருந்து ஒரு குரல் வெடித்தது. சேத்தூர் காளீஸ்வரி அக்கா. அவர் மகளுக்குக் குலுக்கலில் சீட்டு விழவில்லை.

"டீச்சர், இது என்ன ஞாயம்? கூப்பன்தான் அவியளுக்குப் போச்சு. மஞ்சளும் அவியளுக்கு மட்டுந்தானா?"

மண்டபமே என்னைப் பார்த்தது. கையேட்டைப் புரட்டினேன். தண்ணீர் இருந்தது, பேனா இருந்தது, மின்விசிறி இருந்தது. மஞ்சள் இல்லை. ஆனால் தடித்த எழுத்து வரி இருந்தது. ஒரு பிள்ளைக்குக் கிடைத்துவிட்டது. ஆக, எல்லாப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும். இதைவிடத் தெளிவாக ஒரு விதி எங்கே இருக்கிறது?

"எல்லாரும் உக்காருங்க!" என்றேன், நீதிபதி தோற்கும் குரலில். "எல்லாத் தாளுக்கும் நானே வைக்கேன்."

வைத்தேன். கிண்ணம் காலியானதும் மண்டபத்து வாட்ச்மேன் இன்னொரு கிண்ணம் குழைத்துக் கொண்டுவந்தார். முத்துலட்சுமி அக்கா வைத்த அளவுக்கே எல்லா மூலைக்கும் மஞ்சளும் மேலே குங்குமமும் வைத்தேன். ஒரு தாளில் கொஞ்சம் பெரிதாகிவிட்டது என்று சுரண்டிச் சரிசெய்தேன் என்றால் பாருங்களேன். யாரோ பன்னீரும் தெளிக்கச் சொன்னார்கள். "அது மட்டும் முடியாது, தாள் நனைஞ்சிரும்" என்று கண்டிப்பாக மறுத்துவிட்டேன். எனக்கும் விஞ்ஞானம் தெரியும் அல்லவா.

கடைசி வரிசையில் ஒரு அப்பா எழுந்தார். பெயர் சேவியர், மில்லில் வேலை. "டீச்சர், நாங்க வேதக்காரங்க. பிள்ளைக்கு ஜெபம் பண்ணித்தான் கூட்டியாந்தேன்." கொஞ்சம் யோசித்தார். "சரி, எதுக்குக் கொறை வைக்கணும், மஞ்சளையும் வையுங்க" என்றார்.

வைத்துவிட்டேன். வைத்த கையோடு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தப் பிள்ளைக்கு ஜெபம் கிடைத்திருக்கிறது, மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லையே! சேவியர் அண்ணனையே மேடைக்கு அழைத்தேன். மணமக்கள் நாற்காலிக்கு முன்னால் நின்று அவர் ஜெபிக்க, முத்துலட்சுமி அக்காவும் காளீஸ்வரி அக்காவும் உள்பட மண்டபமே தலைகுனிந்தது. பிறகு மணி அடித்தேன். தேர்வின் நடுவே ஒரு பையன் தும்மினான். மற்றவர்களுக்கு என்ன செய்வது என்று ஒரு கணம் திணறிப்போனேன்.

சாயங்காலம் சாருக்கு போன் போட்டேன். "சார், எல்லாப் பிள்ளைகளுக்கும் எல்லாமே ஒரே மாதிரி சார். ஒரு துளி வித்தியாசம் இல்ல." குரலில் எனக்கே ஒரு பெருமிதம். "உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா போதும் ஜெயந்தி" என்றார் அவர். வீட்டில் அம்மா அன்று பாயசம் வைத்தாள்.

மறுநாள் சார் ராஜபாளையம் அலுவலகத்துக்கு மெஷினோடு வந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத பேன்ட். விடைத்தாள் கட்டைப் பிரித்தார். முகர்ந்து பார்த்தார். "சாப்பாட்டு மூட்டையோட வச்சீங்களா?" என்று கேட்டபடியே முதல் கத்தையை மெஷினில் வைத்தார்.

மெஷின் இழுத்தது. பாதியில் நின்றது. நெஞ்சில் சோறு அடைத்த மாதிரி ஒரு சத்தம். காய்ந்த மஞ்சளில் தாளோடு தாள் ஒட்டிக்கொண்டு கூட்டமாக உள்ளே போய்விட்டன. அத்தனை தாளையும் வாயில் கவ்விக்கொண்டு திரையில் அது என்ன எழுதியது தெரியுமா? 'தாள் எதுவும் இல்லை.'

சார் ஒரு தாளை உருவினார். விரலைப் பார்த்தார்.

"என்னங்க இது?"

"மஞ்சள் சார்."

"மேல?"

"குங்குமம் சார்."

"ஏன்?"

"எல்லாருக்கும் ஒரே மாதிரி சார்."

சார் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "இந்த நாலு கட்டத்தை வச்சுத்தான் ஜெயந்தி மெஷின் தாளையே கண்டுபிடிக்கும். நாலுலயும் கரெக்டா வச்சிருக்கீங்க. ஒண்ணுகூட தவறல." அதைப் பாராட்டு என்று நினைத்து நான் "தேங்க்ஸ் சார்" சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது. பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஓவென்று அழுதேன். மாமா கம்பெனி நாற்காலி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. வேலை போனதே என்று ஒரு பக்கம், மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால் சுரண்டிச் சரிசெய்தேனே என்று ஒரு பக்கம்.

வெளியே வந்தபோது சார் ஸ்கேலால் தாள்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். "அழுதாச்சா? வாங்க. கையால திருத்துவோம்." திருத்தினோம். அந்த வாரம் முழுக்கத் திருத்தினோம். அவர் சட்டை முன்பக்கம் முழுக்க மஞ்சளாகிவிட்டது. லாட்ஜில் சாவி கொடுக்கிறவர் தினமும், "சார் வீட்ல விசேஷமா?" என்று விசாரித்தாராம். மத்தியானம் அம்மா எங்கள் இருவருக்கும் சோறு கட்டிக்கொண்டு வருவாள். ஒரு நாள் வந்தவள் தாள்களைப் பார்த்துவிட்டு, "யாரு வச்சா இம்புட்டு அழகா?" என்று கேட்டுத் தொலைத்தாள். "உங்க பொண்ணுதாம்மா" என்றார் சார். அம்மாவுக்கு ஒரே பூரிப்பு.

முடிவு வந்தது. கூப்பன் பிள்ளைகளும் கூப்பன் இல்லாத பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வாங்கியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் யாருமே பார்த்திராத நகரும் படிக்கட்டின் படம் போட்ட கேள்வியை இரு தரப்பும் ஒற்றுமையாகத் தப்பாக எழுதியிருந்தது. இதைச் சொல்லப் பெற்றோரைக் கூப்பிட்டோம். சார் மைக்கைப் பிடித்து, "இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை" என்றதும் காளீஸ்வரி அக்கா எழுந்துவிட்டார்.

"எப்படி சார் இருக்கும்? எல்லாருக்கும் மஞ்சள் வச்சாச்சுல்ல! வைக்காம இருந்திருந்தா அவிய பிள்ளைக முந்தியிருக்கும். டீச்சர் புண்ணியத்துல எம் பிள்ள தப்பிச்சா."

"ஏட்டி, மொதல்ல வச்சது நானாக்கும்!" என்று முத்துலட்சுமி அக்கா அங்கிருந்து கத்தினார்.

சார் மைக்கைக் கீழே வைத்தார். என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்: "அது மஞ்சளால இல்லைன்னு நிரூபிக்கணும்னா ஜெயந்தி, மஞ்சள் வைக்காத ஒரு குழுவாவது நமக்கு வேணும். நீங்க ஒருத்தரைக்கூட விட்டுவைக்கலையே."

எல்லாரும் போன பிறகு, என் வேலையைப் பற்றி நானே கேட்டேன். சார் கையேட்டை எடுத்துப் புரட்டினார். "நீங்க எந்த விதியையும் மீறல. மீறியிருந்தா அனுப்பியிருப்பேன். விதிப்படி நடந்த ஆளை எந்த விதியின்படி அனுப்புறது? அடுத்த வாரம் ஆர்டர் வரும்" என்றார். ஆர்டர் வந்தது. கூடவே புதுக் கையேடும் வந்தது. அதில் தடித்த எழுத்தில் இரண்டாவதாக ஒரு வரி: விடைத்தாளில் மஞ்சள், குங்குமம், சந்தனம், திருநீறு, பன்னீர் முதலியவற்றை யாரும், குறிப்பாகத் தேர்வு நடத்துபவர், வைக்கக் கூடாது.

திட்டம் நடந்த எல்லா மாவட்டத்துக்கும் அந்தக் கையேடுதான் போனது. ஒவ்வொரு வருஷமும் எங்கள் பக்கத்துத் தேர்வுக்கு முன்னால் அந்த வரியைப் பெற்றோர் முன்னிலையில் நான்தான் உரக்க வாசிக்க வேண்டும். சிரிப்பு அடங்குவதற்குச் செத்த நேரம் ஆகும். பொறவுதான் மணி அடிப்பேன்.

போன வருஷம் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகையின் நாலு மூலையிலும் அம்மா மஞ்சள் வைத்துச் சாருக்கு அனுப்பினாள். மூன்றாம் நாள் போன் வந்தது.

"ஜெயந்தி, பத்திரிகை வந்துச்சு. மெஷின்ல போட்டுப் பார்த்தோம், மாப்பிள்ளை எதுவும் இல்லைன்னு சொல்லுது. பேரைக் கையால எழுதி அனுப்புங்க."

பெயரை வெள்ளைத் தாளில் எழுதி, மூலையில் எதுவும் வைக்காமல், அனுப்பிவைத்தேன். வீட்டில் இப்போதும் என் கணவர் வேலைக்குப் போய்த் திரும்பத் தாமதமானால் அண்ணன் போன் போட்டுக் கேட்கிறான்: "மாப்பிள்ளை இருக்காரா, இல்ல மெஷின் சொன்னது சரிதானா?"