பங்காருசாமியின் ஒற்றை இருக்கை

இனி உயிருள்ளவரை எந்த விசேஷ வீட்டுக்கும் போவதில்லை என்று பங்காருசாமி சபதம் பூண்டபோது, அவர் தலைமீது ஒரு சீர்த்தட்டு இருந்தது. அவர் காலின்மீது முன்பின் அறியாத ஒருவரின் கால் இருந்தது. மேட்டுப்பாளையம் சாலையில் பேருந்து பிதுங்கிக்கொண்டு சென்றது. மனைவி ராசம்மாளுக்கு மட்டும் சன்னலோர இருக்கை கிடைத்திருந்தது. அது எப்போதும் கிடைக்கும்.

பெரியநாயக்கன்பாளையத்துப் பம்புத் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் அவர். மணமாகும் முன்பு ஞாயிறுதோறும் மோட்டார் சைக்கிளில் ஆனைகட்டி மலைப்பாதையில் ஏறித் தனியாகத் தேநீர் பருகிவிட்டு வருவார். மணமானதும் வண்டி விலைபோயிற்று. ஞாயிற்றுக்கிழமைகள் ராசம்மாளின் உறவினர்களுக்குப் போயின. காதுகுத்து, நிச்சயம், புதுமனை புகுவிழா என்று அந்த உறவுக்கூட்டம் ஒரு வாரமேனும் ஓய்வெடுத்ததில்லை.

இழந்த ஞாயிற்றை மீட்க ஒரே வழி, மீண்டும் ஒரு வண்டி. பழையதாயினும் பாதகமில்லை. ஆனால், அதில் இரண்டாமவர் அமரவே முடியாதிருக்க வேண்டும்!

போத்தனூரில் பழைய வண்டிகளை வாங்கி விற்கும் உமர் பாரூக் தலையைச் சொறிந்தார்.

"ஏனுங்ணா, ரெண்டு பேரு போற வண்டியே சல்லிசா நிக்குது. பால்காரரு ஓட்டுன வண்டியப் போயிக் கேக்கறீங்க?"

"பின்னால சீட்டு இல்லையல்லொ?"

"பால் கேன் வெக்கற கேரியருதானுங்க. அண்ணிய எங்கீங்ணா உக்கார வெப்பீங்க?"

"அதுக்குத்தானப்பா இந்த வண்டி!"

வீட்டில் இடி விழும் என்று எதிர்பார்த்துக் கதவோரம் நின்றுகொண்டுதான் செய்தியைச் சொன்னார். ராசம்மாள் அவரைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"வாங்குங்க. ஆனா உங்களுக்கு அட்டமத்துச் சனி நடக்குதுங்களே. ரெண்டு சக்கரம் ஆகாதுன்னு சோசியரு சொன்னாரல்லங்க?"

பங்காருசாமியின் முகம் வாடியது. அடுத்த நொடியே மலர்ந்தது.

"அம்மணி, வண்டிய உன்ற பேர்ல வாங்கிப்போட்டா? சனி வந்து கேட்டா, இது ராசம்மா வண்டின்னு சொல்லித் திருப்பி அனுப்பிப்போடலாம்."

"அட! இது எனக்குத் தோணவேயில்லீங்களே. உங்க மூளையே மூளைங்க!"

மணவாழ்வில் அவர் பெற்ற முதல் பாராட்டு அது. அன்றிரவு அவர் ஓரங்குலம் உயர்ந்தே படுத்தார்.

வண்டியைப் பார்க்க ராசம்மாளும் போத்தனூர் வந்தாள். பின் இருக்கை இல்லாததைக் கண்டு அவள் கொதித்தெழுவாள் என்று அவர் ஆயத்தமாக வைத்திருந்த சமாதானங்கள் யாவும் வீணாயின. அவள் கேரியரைத் தட்டிப் பார்த்து மகிழ்ந்தாள். பிறகு, சந்தையில் கத்தரிக்காயை அழுத்திப் பார்ப்பவளைப் போலக் கிளச்சை அழுத்திப் பார்த்தாள்.

"கிளச்சு இறுக்கமா இருக்குதுங்க தம்பி. கேபிள மாத்திக் குடுத்துருங்க."

"உனக்கென்ன கண்ணு தெரியும் கிளச்சப் பத்தி?" என்று பங்காருசாமி பெருந்தன்மையோடு சிரித்தார். பாரூக் மட்டும் சிரிக்கவில்லை, கேபிளை மாற்றினார்.

ஞாயிறன்று ஈச்சனாரிப் பிள்ளையார் கோவிலில் வண்டிக்குப் பூசை. அன்றைக்கே அன்னூரில் ராசம்மாளின் அண்ணன் வீட்டுப் புதுமனை புகுவிழா. பங்காருசாமி முகத்தில் சோகத்தைப் பூசிக்கொண்டார்.

"ஒருத்தருதான் போக முடியும்ங்கறது இப்பத்தான் உறைக்குது, அம்மணி. நீ பஸ்ல போயிரு. நான் பின்னாலயே வாரேன்."

அவர் உள்ளம் அந்நேரம் ஆனைகட்டிக்குப் பாதி தூரம் போயிருந்தது.

"சரீங்க" என்றாள் அவள். சுடிதார் அணிந்திருந்தாள். ஒரு கையில் துணிப்பை. மறு கையில், அண்ணனுக்கென வாங்கிய பெரிய பலாப்பழம். பேருந்து நெரிசலுக்குச் சுடிதார்தான் வசதி என்று பங்காருசாமி எண்ணிக்கொண்டார்.

அர்ச்சகர் வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை சூட்டி, சக்கரங்களின் அடியில் எலுமிச்சம்பழங்களை வைத்தார்.

"வண்டி யாரு பேர்லீங்க?"

"அம்மணி பேர்லதானுங்க" என்று பெருமையோடு சொன்னார் பங்காருசாமி.

பலாப்பழத்தைத் தரையில் இறக்கி வைத்த ராசம்மாளின் கைக்குத் தட்டிலிருந்த சாவி போயிற்று. அவர் கையை நீட்டினார்.

"இருங்க. சொந்தக்காரங்கதானுங்களே மொதல்ல எலுமிச்சம்பழத்து மேல ஏத்தோணும்?"

துணிப்பையிலிருந்து தலைக்கவசம் வெளிவந்தது. அவள் வண்டியில் ஏறி அமர்ந்தாள். போத்தனூரில் அவர் மூச்சிரைக்க மிதித்தும் வெறுமனே முனகிய அந்த வண்டி, அவளுடைய ஒரே மிதியில் உறுமியது.

"ரா... ராசம்மா! உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"எங்கப்பன் வண்டில அன்னூரு சொசைட்டிக்குப் பாலு கொண்டுபோயி ஊத்துனது யாருங்க? நீங்க ஒரு நாளும் கேக்கலீங்க, நானும் சொல்லலீங்க. லைசென்சுகூடப் போன மாசமே வாங்கிப்போட்டேன்."

"அப்ப நான் எப்ப ஓட்டறது?"

"சனி போனதுமுங்க. இன்னும் ரெண்டு வருசந்தானுங்களே, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிரும்."

"அப்ப பின்னால உக்காந்தாவது வாரேனே!"

"எங்கீங்க உக்காருவீங்க? பாத்துப் பாத்து நீங்கதானுங்களே வாங்குனீங்க!"

சோதிடத்தை முதலில் எடுத்தவள் யார் என்பது அப்போதுதான் பங்காருசாமிக்கு நினைவுக்கு வந்தது. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. வண்டி கோவில் வாசலைக் கடந்தது, சட்டென்று நின்றது, திரும்பி வந்தது. மனமிரங்கிவிட்டாள்! பங்காருசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

"ஏனுங்க, சொல்ல மறந்துட்டேன். கேரியர்ல வெச்சா பலாப்பழம் உருண்டுரும். நீங்க பத்திரமா பஸ்ல கொண்டாந்துருங்க."

காந்திபுரத்தில் புறப்பட்ட அன்னூர்ப் பேருந்தில் நிற்கக்கூட இடமில்லை. அவர் தத்தளிப்பதைக் கண்டு மனம் பொறாத ஓர் அம்மாள் நகர்ந்து அமர்ந்து இடம் கொடுத்தார்; பலாப்பழத்துக்கு.