காபி டப்பா கொடுத்த பதவி

பென்சில்வேனியாவில் ரெட்மில் மாவட்டத்தில் நீதிபதிகளை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் வேட்பாளர்கள் எதைப் பற்றியும் கருத்துச் சொல்லக் கூடாது. சொன்னால், நாளை அதுவே வழக்காக வரும்போது நடுநிலை கெட்டுவிடுமாம். ஆகவே பத்துப் பதினைந்து பேர் வாயைப் பொத்திக்கொண்டு ஓட்டுக் கேட்பார்கள். ஜனங்களும் ஓட்டுச் சீட்டில் முதலில் இருக்கிற பெயருக்குப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள். அந்த முதல் இடம் யாருக்கு என்பதை முடிவு செய்வது மாவட்ட அலுவலகத்தில் அறுபது வருடமாக இருந்துவரும் ஒரு காபி டப்பா. உள்ளே எண் போட்ட மரக் குண்டுகள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். ஒன்றாம் எண்ணை எடுத்தவர் நீதிபதி. மற்றதெல்லாம் சம்பிரதாயம்.

கெபே ஃப்லோமோ லைபீரியாவிலிருந்து வந்து இருபத்துமூன்று வருடம் ஆகிறது. பதினாறு வருடமாக வக்கீல். வியாழக்கிழமைதோறும் வாடகைக்காரர்களுக்காக வாதாடுவாள், தோற்பாள். ஏனென்றால் நீதிபதி ஹால்டர்மன் மதியச் சாப்பாட்டுக்குள் நாற்பது வழக்கை முடித்துவிடுவார். வழக்குக்கு நாலு நிமிஷம். அப்படித் தோற்றவர்களில் ஒருத்தி லைபீரியாக்காரக் கிழவி யாசா அம்மா. அவள் வீட்டுக் கூரை இடிந்து சோற்றுப் பானையில் விழுந்தது. சாட்சிக்கு அந்தக் கூரைத் துண்டையே பையில் கட்டிக் கொண்டுவந்திருந்தாள் கிழவி. பை முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போதே வீட்டைக் காலி செய்யச் சொல்லித் தீர்ப்பு வந்துவிட்டது. ஹால்டர்மன் ஓய்வு பெறுகிறார் என்று கேள்விப்பட்டதும் கெபே, அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்து வருகிற ஒவ்வொருவரையும் முழுக்கப் பேசவிடுவது என்று முடிவு செய்தாள்.

கட்சித் தலைவர் மெக்லின்சியிடம் போனாள்.

"வக்கீலம்மா, உங்க பேச்சுல உங்க ஊர் வாசனை அடிக்குதே" என்றார் அவர்.

"அது ஒரு குறையா சார்?"

"சேச்சே! பேசினாத்தானே குறை? நீங்கதான் பேசவே கூடாதே. உங்களுக்குன்னே செஞ்ச தேர்தல் இது! ஆமா, நாய் இருக்கா?"

"இல்லையே."

"நாய் இல்லாத நீதிபதியை இந்த ஊர்ல எவன் நம்புவான்? என் நாயைக் கூட்டிட்டுப் போய்ப் படம் எடுத்துக்கோங்க. சாயந்தரம் அஞ்சு மணிக்கு மேல வாங்க, அதுக்கு முன்னால வேற மூணு வேட்பாளருக்குக் குடுத்திருக்கேன்."

தீயணைப்பு நிலையக் கூடத்தில் வறுத்த மீன் விருந்தோடு வேட்பாளர் அறிமுகக் கூட்டம் நடந்தது. கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "திருடுறது தப்பா, இல்லையா?" என்று கேட்டார்.

முதல் வேட்பாளர் கண்ணை மூடி யோசித்தார். "அது என் முன்னால் வழக்காக வரக்கூடிய விஷயம். கருத்துச் சொல்வதற்கில்லை." கைதட்டல். இரண்டாமவர், "எனக்கும் சொல்வதற்கில்லை, ஆனால் இன்னும் உறுதியாகச் சொல்வதற்கில்லை" என்றார். அதற்கு இன்னும் பலமான கைதட்டல்.

கெபே எழுந்தாள். "நான் வந்தா ஒவ்வொருத்தரையும் முழுசாப் பேசவிட்டுக் கேப்பேன்" என்றாள்.

மெக்லின்சியின் முள்கரண்டியிலிருந்து மீன் நழுவியது. மூன்றாம் நாள், வேட்பாளர்களைக் கண்காணிக்கும் ஒழுங்குமுறைக் குழுவிடமிருந்து ஓலை வந்தது. வாய் திறந்தது ஒன்று, கேட்பேன் என்று வாக்குறுதி தந்தது இரண்டு, இப்போதிருப்பவர் கேட்பதில்லை என்று மறைமுகமாகச் சொன்னது மூன்று, ஆக மூன்று குற்றங்களுக்கும் சேர்த்து ஒரே எச்சரிக்கை.

"இனிமே டப்பாதான் உங்களைக் காப்பாத்தணும்" என்று மெக்லின்சி கையை விரித்துவிட்டார்.

இதைக் கேட்டதும் யாசா அம்மா சும்மா இருக்கவில்லை. தேவாலயத்தில் லைபீரியாக்காரர்களையெல்லாம் கூட்டினாள்.

"ஏ மகளே, டப்பாதான் குடுக்குதுன்னா டப்பாவுக்கே வேண்டிக்குவோம்!"

"அம்மா, டப்பாவுக்கெல்லாமா உபவாசம் இருப்பாங்க?"

"உன் சட்டம் உனக்கு. என் பட்டினி எனக்கு. நீ போயி கையை விடு, போதும்."

அறுபது பேர் மூன்று நாள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தார்கள். நாலாம் நாள் கெபே டப்பாவுக்குள் கையை விட்டாள். வந்தது ஒன்றாம் எண்.

மறுநிமிஷமே மெக்லின்சி, "கனம் நீதிபதி அவர்களே!" என்று கும்பிட்டார். ஒழுங்குமுறைக் குழு தன் எச்சரிக்கையைத் திரும்பப் பெற்றது. உள்ளூர்ப் பத்திரிகை அவளுடைய ஆழ்ந்த சட்ட ஞானத்தைப் புகழ்ந்தது. தேர்தல் வந்தது, ஜனங்கள் முதல் பெயருக்குப் போட்டார்கள், கெபே கறுப்பு அங்கி மாட்டினாள். யாசா அம்மா ஆனந்தத்தில் அழுதாள். கெபேயும் அழுதாள். அது நிஜமான அழுகைதான்.

முதல் வியாழன் நாற்பத்துநாலு வழக்கு. முதல் வழக்குக்காரரை முழுசாகப் பேசவிட்டாள். அவர் தன் மாமியார் கதையோடு சேர்த்து இரண்டு மணி நேரம் பத்து நிமிஷம் பேசினார். அன்று மூன்று வழக்குதான் முடிந்தது. அடுத்த வியாழன், பாக்கியும் புதியதுமாகச் சேர்ந்து எண்பது. அதற்கடுத்த வியாழன் தாழ்வாரத்தில் நிற்க இடமில்லை. தலைமை நீதிபதியிடமிருந்து கடிதம் வந்தது: 'நீதி தாமதமாவது பற்றி எங்களுக்குக் கருத்து இல்லை. ஆனால் நடைபாதை அடைபடுவது தீயணைப்பு விதிக்கு முரணானது.'

கெபே குமாஸ்தா ரோலண்டைக் கூப்பிட்டாள். "எல்லாரையும் முழுசாக் கேட்க முடியல. மூணு பேரைத்தான் கேட்க முடியும். யாரு அந்த மூணு பேருன்னு எப்படி முடிவு பண்றது?"

"அம்மா, அலுவலகத்துல டப்பா சும்மாத்தான் கிடக்கு. அடுத்த தேர்தலுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு."

கெபே யோசித்தாள். டப்பா தப்பு என்றால், தான் இந்த நாற்காலியில் இருப்பதும் தப்பு. தன் விஷயத்தில் தானே தீர்ப்புச் சொல்வது சட்டவிரோதம். ஆகவே டப்பா சரி. ஆளுக்கொரு எண் வரும்படி குண்டுகளைக் கூட்டி, ஒன்று, இரண்டு, மூன்றாம் எண் எடுப்பவர்களுக்கு முழு விசாரணை, மற்றவர்களுக்கு நாலு நிமிஷம் என்று உத்தரவு போட்டாள்.

அந்த வியாழன் யாசா அம்மாவும் வந்திருந்தாள். குடிபோன புது வீட்டிலும் கூரை இடிந்துவிட்டது. பழைய அனுபவத்தில் பை முடிச்சை வீட்டிலேயே அவிழ்த்துவிட்டுத் தயாராக வந்திருந்தாள். டப்பாவுக்குள் கையை விட்டாள். எண் முப்பத்தொன்று.

கிழவி மரக் குண்டைப் பார்த்தாள், மேடையைப் பார்த்தாள்.

"உனக்காக மூணு நாளு பட்டினி கிடந்தேனே மகளே!"

கெபே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதைப் பத்தி நான் கருத்துச் சொல்லக் கூடாதும்மா" என்றாள். கூரைத் துண்டு மேஜைக்கு வருவதற்குள் நாலு நிமிஷம் முடிந்துவிட்டது.

யாசா அம்மா தாழ்வாரத்துக்கு வந்தாள். அங்கே ஒருவருக்கும் கோபமில்லை. அடுத்த வியாழனுக்குள் இரண்டு உபவாசம் முடித்துவிட முடியுமா என்று நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிழவி நடுவில் உட்கார்ந்து, "மூணு நாளு பத்தாது, கூட்டம் ஜாஸ்தியாயிடுச்சு. அஞ்சா வைங்க" என்றாள்.

வீட்டு உரிமையாளர்கள் சங்கம் ஏழு நாள் உபவாசத்தை ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்ற செய்தி அவர்களுக்கு அப்போது தெரியாது.