பில் போட மணமகள் தேவை

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் வேலைவாய்ப்பு வரலாற்றை யாராவது எழுத நேர்ந்தால், அதில் ஓர் அத்தியாயம் எனக்கு ஒதுக்கப்பட வேண்டும். டிராக்டர் ஷோரூம் மேனேஜரான நான், மச்சான் மகனுக்குப் பெண் தேடி அடித்து வைத்திருந்த விளம்பரத்தில் முதல் வரியை மட்டும் மாற்றி, அவசரத்தில் இணையத்தில் ஏற்றிவிட்டேன்:

'பில் போட ஆள் தேவை. பெண், 23 வயதுக்குள், நல்ல சிவப்பு, அடக்கமானவர், நம்மவர்கள் மட்டும். ஜாதகத்துடன் அணுகவும்.'

முதலாளி தங்கமணி கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். நான் மன்னிப்புக் கடிதத்துக்கு வார்த்தை தேடினேன்.

"ஜாதகத்த மட்டும் எடுத்துடுப்பா. மத்ததெல்லாம் கரெக்டா இருக்குது."

நிர்வாகத் திறன் என்றால் இதுதான்.

நாலாம் நாள் வக்கீல் நோட்டீஸ் வந்தது. அனுப்பியவர் ரம்யா, வெள்ளிமலைக்காரர், பி.காம்., முப்பத்திரண்டு வயது, இரண்டு பிள்ளைகள். சாதிக்கும் சிவப்புக்கும் பில்லுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருந்தார்.

எங்கள் வக்கீல் அன்புச்செல்வன் பதறவில்லை.

"எழுதினாத்தான் சார் கேஸு. மனசுல வெச்சிக்கினு இருந்தா எந்தச் சட்டமும் உள்ள பூந்து பாக்காது. அந்தம்மாவயும் இன்டர்வியூக்குக் கூப்டுங்க. பாத்துட்டு அனுப்பிடுங்க."

"அப்ப நான் போட்டது தப்புங்களா?"

"அத கோர்ட்டு சொல்லணும்."

அன்று மாலையே நிறுவனம் 'சமத்துவக் கொள்கை'க்கு மாறியது. சாதி, நிறம், வயது, பாலினம் எதுவும் பாராத நிறுவனம் என்று புது விளம்பரம் போட்டேன். முழு உருவப் போட்டோ மட்டும் கட்டாயம்.

ரம்யா வந்தார். இருபது பில் அடித்துக் காட்டினார். ஒரு பிழை இல்லை.

"மலையில நீங்க இன்னா ஆளுங்க?" என்றார் முதலாளி.

"பில்லு சரியா இருக்குதுங்களா?"

"அது இருக்குது. புள்ளைங்கள வூட்ல யாரு பாத்துப்பா?"

"உங்க புள்ளைங்கள யாருங்க பாத்துக்கிறாங்க?"

முதலாளி மின்விசிறியை ஆராய்ந்தார். பிறகு என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

முதலாளியின் உதட்டைச் சட்டபூர்வமான தமிழில் பெயர்ப்பது என் பணி. 'நிறுவனத்தின் எதிர்காலத் தேவைகளுடன் பொருந்தவில்லை' என்று அடித்து, சீல் வைத்து நீட்டினேன். மனசு கேட்கவில்லை, ஸ்பெஷல் டீ ஒன்றும் வரவழைத்தேன்.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குதும்மா. முடிவு அவரோடது. இதுல என் தப்பு இன்னா, நீயே சொல்லும்மா."

ரம்யா காகிதத்தை ஒருமுறை படித்து, நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தார். டீயைத் தொடவில்லை.

"அவருக்கு உதட்டப் பிதுக்கத்தான் சார் தெரியும். மாட்டிக்காத மாதிரி எழுதத் தெரிஞ்சவரு நீங்கதான்."