திறந்தால்தானே பூட்ட வேண்டும்

ஊரார் பூட்டையெல்லாம் நிமிடத்தில் திறந்துவிட்டு, சொந்தக் கடையை மட்டும் மூடியே வைத்திருக்கும் என் அருமைத் தம்பிக்கு, மூன்றாம் வகுப்பைத் தாண்டாத உன் அக்கா எழுதுவது. இங்கே நான், உன் மாமா, உன் மாமாவின் குறட்டை மூவரும் நலம். உன் நலம்தான் தெரிந்த கதையாயிற்றே, அதனால் விசாரிக்கவில்லை.

டாக்டர் என்றதுமே போனை வைத்துவிடுகிறாய். கடிதத்தை வைத்தால் உன் பெண்டாட்டி எடுத்து உரக்கப் படிப்பாள், சொல்லி வைத்திருக்கிறேன். கடையைப் பூட்டிவிட்டு நாலு எட்டு போவாய், திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாய், மறுபடி போவாய், மறுபடி வருவாய், பதினான்கு தடவை என்று எதிர்க்கடை முடிவெட்டுகிறவர் எண்ணிச் சொன்னார், அவருக்கும் பொழுது போக வேண்டாமா. கடைசியில் நீயே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தாய் பார், அடடா, திறந்தால்தானே பூட்ட வேண்டும் என்று இரண்டு மாதமாகக் கடையைத் திறக்கவே இல்லை. இந்த மூளைக்கா கோளாறு?

"நான் என்ன பைத்தியமா? வேணும்னா நீயே போய்ப் பாரு" என்றாய். போய்விட்டேன். சலவைக் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, மனநல டாக்டரிடம், உனக்குப் பதிலாக, தோளில் பையோடு. டாக்டர் சின்ன வயசுப் பெண். "யாருக்கும்மா பிரச்சினை?" என்றது. "என் தம்பிக்கு. அவன் வரமாட்டானாம். எங்கிட்ட சொல்லுங்க, நான் அவனுக்குச் சொல்லிக்கிறேன்" என்றேன். சிரித்துவிட்டு உட்காரச் சொன்னது. இது பைத்தியம் இல்லையாம்டா. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாதிரி இதுவும் ஒரு நோயாம். பூட்டியது தெரியும், ஆனாலும் மனசு இல்லை இல்லை என்று அரிக்கும், ஒரு தடவை பார்த்தால் ஒரு நிமிட நிம்மதி, அப்புறம் மறுபடி அரிப்பு. இதுதான் காரணம் என்று ஒன்றைக் கைகாட்ட முடியாதாம், கொஞ்சம் பரம்பரை, கொஞ்சம் மூளை ஓடுகிற விதம், மேலே ஒரு அதிர்ச்சி. நீ பூட்டு மாட்டிய வீட்டில் திருடன் புகுந்ததைச் சொன்னேன். ஜன்னல் வழியாகத்தான் புகுந்தான் என்பதையும் சொன்னேன், உன் மானம் முக்கியமில்லையா. அப்பா அணைத்த அடுப்பின் முன்னாலேயே நிற்பதையும் சொன்னேன்.

"வீட்ல வேற யாருக்காவது?"

"மத்தவங்க எல்லாரும் கல்லு மாதிரி இருக்கோம்மா."

"பையில என்ன?"

"இஸ்திரிப்பெட்டி. வீட்ல வச்சிட்டு வந்தா அணைச்சோமா அணைச்சோமான்னு இருக்கும். கையோட இருந்தா அந்தத் தொல்லையே இல்ல பாருங்க."

தலையாட்டி எழுதிக்கொண்டது. உன் கதையைத்தான் எழுதுகிறது என்று நினைத்தேன்.

வைத்தியம் உண்டு. மாத்திரை, பலன் தெரியச் சில வாரம் ஆகும், நாமாக நடுவில் நிறுத்தக் கூடாது. கூடவே ஒரு பழக்கம். ஒரு தடவை பூட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும், மனசு கத்தும், கத்தட்டும், கொஞ்ச நேரத்தில் தானே அடங்கும். பதினான்கு பத்தாகும், பத்து நாலாகும், முடிவெட்டுகிறவருக்குத்தான் பொழுது போகாது. புதன்கிழமை வரச் சொல்லிச் சீட்டுக் கொடுத்திருக்கிறது. அடம் பிடிக்காமல் வந்து சேர்.

உன் சாவிக்கொத்து பழையபடி தெருவெல்லாம் குலுங்க, உன் பெண்டாட்டி முகம் தெளிய, ஆயிரம் ஆசிகளுடன்,
அக்கா.

பி.கு.: மேலே உன்னைக் கிண்டல் செய்ததையெல்லாம் அடித்துவிட்டுப் படி. இங்கிலீஷில் எழுதியிருந்த அந்தச் சீட்டை இப்போதுதான் உன் மாமாவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அதில் இருப்பது என் பெயர். "எத்தனை வருஷமா அந்தப் பெட்டியைத் தூக்கிட்டு அலையுற?" என்று மட்டும் கேட்டார். கணக்கு வரவில்லை. பயமாக இருக்கிறதடா. டாக்டரிடம் தனியாகப் போக மாட்டேன், புதன்கிழமை நீ எனக்குத் துணைக்கு வா. பெட்டியை வீட்டுக்குள்ளேயே விட்டுவிட்டு வருகிறேன். கதவை நீ பூட்டு. ஒரே ஒரு தடவை.